சரக்கு வண்டிக் கதவுகளைத் திறந்த நிலையில் நிறுத்துதல்

சரக்கு வண்டிக் கதவுப் பிடிப்பு என்பது, லாரி, கன்டெய்னர், டிராக்டர் டிரெய்லர் முதலியவற்றின் கதவு சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் தானாக மூடிக்கொள்ளாதபடி அதைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும் முறையைக் குறிக்கும். இதற்குப் பயன்படுபவை கொக்கி, வளையம், சங்கிலி, கொண்டி, நாதாங்கி, தாழ்ப்பாள் போன்ற எளிய சாமான்களே. வண்டியை மூடிப் பூட்டுவதற்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதிகூட அதைத் திறந்து நிறுத்துவதற்குக் கொடுக்கப்படுவதில்லை. ஆனால் ஏற்றி இறக்குபவரின் விரலும் தலையும் கதவின் வழியில் இருப்பது கதவு திறந்திருக்கும் அந்த நேரத்தில்தான்.

வீட்டுக் கதவு காற்றில் அடித்தால் ஒரு கல்லையோ மரத்துண்டையோ அடியில் கொடுத்து நிறுத்திவிடலாம். லாரிக் கதவின் அடிப்பகுதி தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மேல் இருப்பதால் அந்த வழி இங்கே இல்லை. கதவைப் பிடித்து நிறுத்துவதற்கு வண்டியின் உடலைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

ஒட்டன்சத்திரம் சந்தையில்

திண்டுக்கல் மாவட்டத்தில், திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையில் உள்ள ஒட்டன்சத்திரத்தின் காந்தி காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று. சுற்றுவட்டாரத்து முருங்கை, தக்காளி, கத்தரி, வெங்காயம் முதலியவை இங்கு வந்து, பெரும்பகுதி பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. இப்படி ஒரே இடத்தில் பலவகை வண்டிகள் கூடுவதால், கதவை நிறுத்தும் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க இது போன்ற சந்தையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தார்ப்பாய் போட்ட திறந்த லாரி, 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் டாட்டா ஏஸ், பிக்கப் வண்டி, டிராக்டர் டிரெய்லர், மூடிய கூண்டு வண்டி ஆகியவற்றின் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரித் திறப்பவை அல்ல.

இங்கே இரண்டு சூழல்கள் கதவுக்கு எதிராக வேலை செய்கின்றன. ஒன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலுவானது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை மிகை என்று நினைப்பவர் அந்த மாதத்தில் ஒரு கூண்டு லாரியின் கதவைக் கையால் பிடித்து நின்று பார்க்கலாம். மற்றொன்று சரிவு. ஒட்டன்சத்திரத்திலிருந்து பாச்சலூர் வழியாகத் தாண்டிக்குடிப் பக்கம் ஏறும் மலைச்சாலையில் வாழை, காப்பி முதலியவற்றை ஏற்ற நிற்கும் வண்டி பெரும்பாலும் சமதளத்தில் நிற்பதில்லை. வண்டி சற்றே சாய்ந்திருந்தாலும் கீலில் தொங்கும் கதவு தாழ்ந்த பக்கத்தை நோக்கித் தானே நகரும்.

கீல் இருக்கும் பக்கம்

எந்தப் பிடிப்பு வேண்டும் என்பதைக் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

கீல் கீழே இருந்தால், அது சாய்த்து இறக்கும் பலகைக் கதவு. குட்டி யானை, பிக்கப், டிராக்டர் டிரெய்லர் ஆகியவற்றின் பின்கதவு பெரும்பாலும் இவ்வகை. முழுவதும் தொங்கவிட்டால் அதற்குப் பிடிப்பே தேவையில்லை. படுக்கை மட்டத்தில் நிறுத்தி, அதன்மேல் பெட்டியை வைக்கவோ ஏறி நிற்கவோ வேண்டுமென்றால் இரு பக்கமும் சங்கிலி வேண்டும். இங்குப் பலரும் கவனிக்காதது சங்கிலியின் சாய்வு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோ மூட்டையோடு பலகையின் வெளி ஓரத்தில் நிற்பதாகக் கொள்வோம். மொத்தம் 110 கிலோ. இரண்டு சங்கிலியும் பலகைக்கு 45 பாகை சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 78 கிலோ இழுவிசை வரும். சாய்வு 30 பாகையாகக் குறைந்தால் அதே சுமைக்கு ஒவ்வொன்றும் 110 கிலோ தாங்க வேண்டும். ஆகவே சங்கிலியின் மேல்முனையை இயன்ற அளவு உயரத்தில் பொருத்துவதே முறை. இரண்டு சங்கிலியும் ஒரே நீளத்தில் இருப்பதும் அவசியம். ஒன்று இரண்டு கண்ணி கூடிவிட்டால் மொத்தச் சுமையும் குட்டையான சங்கிலிக்கே போகும்.

கீல் மேலே இருந்தால், கதவு தலைக்கு மேல் தூக்கி நிறுத்தப்படும். டிப்பரின் பின்கதவும், வண்டியில் நடத்தும் சிற்றுண்டிக் கடைகளின் பக்கக் கதவும் இவ்வகை. கடைக் கதவுகளுக்கு இப்போது கேஸ் ஸ்பிரிங் பொருத்துகிறார்கள். தூக்குவதற்கு அது நல்ல உதவி. ஆனால் நாளடைவில் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் குறையும்; குறைவது வெளியே தெரியாது. எனவே ஸ்பிரிங்கோடு, துளையில் பின் செருகி நிறுத்தும் ஒரு முட்டுக்கம்பியும் இருக்க வேண்டும். டிப்பரைப் பொறுத்தவரை, தூக்கிய கதவின் அடியிலோ தூக்கிய பெட்டியின் அடியிலோ முட்டு இல்லாமல் யாரும் புகக் கூடாது. ஹைட்ராலிக் குழாய் ஒன்று விட்டுப்போனால் விலகிக்கொள்ள நேரம் இருக்காது.

கீல் பக்கவாட்டில் இருந்தால், அது கூண்டு வண்டிக்கும் கன்டெய்னருக்கும் உரிய இரட்டைக் கதவு. அதிகத் தொல்லை தருவது இதுதான். ஒவ்வொரு கதவும் சுமார் 270 பாகை சுழன்று, வண்டியின் பக்கச் சுவரோடு சாய்ந்து நிற்கும்படி கீல்கள் அமைந்திருக்கும். சரக்கு மேடைக்கு வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்திய பிறகு கதவைத் திறக்க இடம் இருக்காது. அதனால் ஓட்டுநர் முதலில் கதவுகளைத் திறந்து, பக்கச் சுவரில் மாட்டி, அதன் பிறகே வண்டியைப் பின்னுக்கு நகர்த்துவார். திறந்த கதவோடு வண்டி நகரும் நேரம் இது. மாட்டல் சரியில்லை என்றால், கதவு வீசி அடுத்த வண்டியில் மோதும். இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று சைகை காட்டுபவர்மீதும் மோதலாம்.

கொக்கி எங்கே இருக்க வேண்டும்

சுமார் 1.15 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கதவின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர். மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 நியூட்டன் அழுத்தம் உண்டாகிறது. கதவு முழுவதுக்கும் 156 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 16 கிலோ எடை. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்: 64 கிலோ. வேகம் கூடக்கூட விசை அதன் வர்க்கத்தில் பெருகுவதால்தான், காலையில் பிடித்து நின்ற கயிறு பிற்பகலில் அறுந்துவிடுகிறது.

இந்த விசை கதவின் நடுவில், கீலிலிருந்து சுமார் 57 செ.மீ. தொலைவில் செயல்படுவதாகக் கொள்ளலாம். பத்தாம் வகுப்பு இயற்பியலில் வரும் திருப்புத்திறன் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. கொக்கியைக் கதவின் வெளி ஓரத்தில், கீலிலிருந்து 105 செ.மீ. தள்ளிப் பொருத்தினால், 16 கிலோ காற்றை எதிர்க்க அது 9 கிலோ விசையைத் தாங்கினால் போதும். அதே கொக்கியைக் கீலுக்கு 15 செ.மீ. அருகில் வைத்தால் 61 கிலோ தாங்க வேண்டியிருக்கும். காற்று இரு மடங்கானால் முதல் கொக்கிக்கு 35 கிலோ. இரண்டாவதற்கு 240 கிலோவுக்கு மேல். கொக்கி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். பொருத்திய இடம் மட்டுமே வேறு. பட்டறைகளில் கொக்கியின் தடிமனைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பது வியப்பு.

மாட்டலில் தளர்வும் இருக்கக் கூடாது. சங்கிலி ஒரு சாண் தொங்கினால், கதவு அந்த ஒரு சாண் தூரமும் வேகம் எடுத்து வந்து சங்கிலியை இழுக்கும். நிலையாகத் தாங்கும் விசையைப்போல் பல மடங்கு அந்த ஒரு நொடியில் விழும். வெல்டிங் விட்டுப்போவதும் திருகு பிடுங்கிக்கொள்வதும் இப்படித்தான். கதவுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு ரப்பர் கட்டையைப் பொருத்தி, அதை அழுத்தியபடி கொக்கி மாட்டும்படி அமைத்தால் தளர்வும் சத்தமும் இருக்காது.

பிடிப்பு வகைகள்

கன்டெய்னர்களில் வழக்கமாக இருப்பது மிக எளியது. கதவின் பூட்டுக் கம்பியில் ஒரு துண்டு நைலான் கயிறோ கொக்கிச் சங்கிலியோ தொங்கும். பக்கச் சுவரில் ஒரு சிறு கண்ணியோ கொக்கியோ இருக்கும். கதவைச் சுவரோடு சாய்த்து ஒன்றை மற்றொன்றில் மாட்டிவிட வேண்டியதுதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் எந்தக் கன்டெய்னர் லாரியிலும் இதைப் பார்க்கலாம். கயிறு வெயிலில் நைந்துபோவது இதன் குறை.

கூண்டு வண்டிகளுக்குக் கொக்கியும் வளையமும் போதும். வீட்டு ஜன்னலைத் திறந்து நிறுத்தும் கொக்கியின் பெரிய வடிவம் இது. கொக்கி மேலிருந்து கீழ்நோக்கி வளையத்தில் விழும்படி அமைய வேண்டும். அப்போது அதன் சொந்த எடையே அதைக் கீழே வைத்திருக்கும். கீழிருந்து மேல்நோக்கி மாட்டும் கொக்கி, மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது தானே கழன்றுவிடும். வளையத்துக்குக் கீழே கொக்கியின் நுனியில் ஒரு துளை போட்டு கிளிப் செருகினால் முழு நிம்மதி.

ஊர்க் கொல்லுப் பட்டறையில் செய்யக்கூடிய இன்னொன்று கொண்டியும் நாதாங்கியும். நாதாங்கி கதவில் இருக்கும். சுவரில் உள்ள கொண்டி அதன்மேல் விழுந்து, குறுக்கே ஒரு பின் போகும். கடையில் வாங்கும் டவர் போல்ட், ஆல்டிராப் ஆகியவையும் வேலை செய்யும். ஆனால் அவற்றுக்குத் துளையும் தண்டும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கீல் தேய்ந்து கதவு சற்றே தொங்கினால் தண்டு துளைக்குள் போகாது. கொக்கிக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதால் பழைய வண்டிக்குக் கொக்கியே மேல்.

காந்தம் வைத்த பிடிப்பான்கள் வீட்டுக்கும் சிறு வண்டிகளுக்கும் உரியவை. ஆடிக்காற்றுக்கு அவற்றை நம்ப முடியாது. டயர் டியூபை அறுத்து இழுத்துக் கட்டுவதும் பரவலான வழக்கம். ரப்பர் நீளும் என்பதால் கதவு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். வெயிலில் வெடித்த டியூப் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. கொக்கி மாட்டிய பிறகு சத்தம் வராமல் இருக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

பொருத்தும் முறை

தகட்டில் வெறும் திருகு போட்டுக் கொக்கியைப் பொருத்துவது வீண். துளையிட்டு ஊடுருவும் போல்ட் போட்டு, மறுபக்கத்தில் ஒரு தகட்டுத் துண்டும் வாசரும் வைத்து முடுக்க வேண்டும். அதிர்வில் கழலாமல் இருக்க நைலாக் நட்டு நல்லது. இயன்றால் கொக்கியின் அடிப்பகுதி சட்டத்தின் ஆங்கிள் அல்லது சேனல் மீதே அமர வேண்டும். குளிர்சாதன வண்டிகளின் சுவர் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவில் நுரை நிரப்பியது. அந்த நுரை திருகைப் பிடிக்காது. மேலும், துளை வழியே தண்ணீர் புகுந்து நுரை நனைந்தால் குளிர் காக்கும் திறனும் போய்விடும். அங்கு ஓரச் சட்டத்தைத் தவிர வேறெங்கும் துளை போடக் கூடாது.

புதிய வண்டிகளில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் மின்சாரம் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைப் பழுதாக்கலாம். இருநூறு ரூபாய்க் கொக்கிக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டியை இழப்பதற்கு வழி இது.

உயரமும் முக்கியம். தரையில் நிற்கும் லோடுமேன் எட்டி மாட்டும் உயரத்தில் கொக்கி இருக்க வேண்டும். சக்கரத்தில் கால் வைத்து ஏறி மாட்ட வேண்டிய கொக்கியை அவசரத்தில் யாரும் மாட்ட மாட்டார்கள். காய்கறி வண்டியில் எப்போதும் ஈரம் இருப்பதால் துத்தநாகம் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகுச் சாமான்களே நிலைக்கும்.

கதவைப் பிடிக்கும்போது கையைக் கீல் பக்க இடுக்கில் வைக்கக் கூடாது. வெளி ஓரம் கைக்கு அடி கொடுக்கும். ஆனால் கீல் பக்கம் நெம்புகோல்போல் இயங்கி விரலை நசுக்கிவிடும். காற்று அடிக்கும் திசை தெரிந்தால் அந்தப் பக்கக் கதவை முதலில் திறந்து மாட்டிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். திறக்கும் முன், கதவில் சாய்ந்து நிற்கும் சரக்கு உள்ளே உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாலையில்

கதவுப் பிடிப்பு, வண்டி நிற்கும்போதும் மேடையருகே மெல்ல நகரும்போதும் மட்டும் பயன்படுவது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 93-ஆம் விதி வாகனத்தின் மொத்த அளவுகளை வரையறுக்கிறது. அகலத்துக்கான உச்ச வரம்பு 2.6 மீட்டர். நிலையான கன்டெய்னரின் அகலமே 2.438 மீட்டர், இரண்டு பக்கமும் கதவைச் சாய்த்து மாட்டினால் கதவின் தடிமனும் பூட்டுக் கம்பிகளும் சேர்ந்து அந்த வரம்பைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். பலகைக் கதவைத் தொங்கவிட்டு ஓட்டும் டிரெய்லரில் சிக்கல் வேறு: பின்விளக்கு, பிரதிபலிப்பான், எண் பலகை ஆகியவை மறைந்துவிடுகின்றன. இரவில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு டிரெய்லர் நிற்கிறதா, போகிறதா, அங்கே டிரெய்லர் இருக்கிறதா என்பதே தெரியாது. நீளமான முருங்கைக் கட்டுகளுக்காகக் கதவை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், விளக்கையும் சிவப்புப் பிரதிபலிப்பானையும் இறக்கிய கதவின் வெளி ஓரத்துக்கு மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்.