வெள்ளெழுத்தும் 1/72 விமானமும்

1/72 ஸ்கேல் என்றால் நிஜத்தில் ஆறடி, மாடலில் ஒரே அங்குலம். 11.2 மீட்டர் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் 15.6 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அதன் கருவிப் பலகை விரல் நகம் அளவுதான்.

ஐம்பதைத் தாண்டியதும் இதை விட்டுடலாமா என்ற கேள்வி எனக்கும் வந்தது. நண்பர்கள் 1/48-க்கு மாறச் சொல்கிறார்கள். நீளம் ஒன்றரை மடங்கு. ஆனா அலமாரியில் இரண்டேகால் மடங்கு இடம் கேட்கும்.

பெரும்பாலோருக்கு முதலில் தளர்வது கையல்ல, கண். வயதாக ஆக விழிலென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போகிறது. இருபது வயதில் 10 செ.மீ. தள்ளி வைத்தாலே தெளிவாகத் தெரிந்த பொருள், அறுபதில் கையை நீட்டிப் பிடித்தாலும் மங்கும். இதுதான் வெள்ளெழுத்து. லென்ஸ் மஞ்சளாவதால் உள்ளே போகும் வெளிச்சமும் குறைகிறது.

அதனால் பூதக்கண்ணாடிக்கு முன்னாடி நல்ல மேசை விளக்கு வாங்குங்க. வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும். முன்னே பின்னே இருப்பதெல்லாம் ஒருசேரத் தெளிவாகும். பூதக்கண்ணாடி இதற்கு நேர்மாறு. பெரிதாக்க ஆக்க, காக்பிட்டின் சீட் தெரிந்தால் பலகை மங்கும். எனக்கு 2 மடங்கே போதுமாக இருக்கிறது.

கை நடுங்கினால் இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் ஊன்றி, சுண்டுவிரல்களை ஒன்றோடொன்று முட்டுக் கொடுங்க. ஸ்கேலை மாத்துறதை அப்புறம் யோசிக்கலாம்.