ஒரு பனைக்கு எத்தனை குடித்தனம்? மண்டகப்பட்டு பக்கம் நடக்கும் சத்தமில்லாத போட்டி!

செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புச் சாந்தும் இல்லை. இவை எதுவும் இல்லாமல் பிரம்மா, திருமால், சிவன் மூவருக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவர் பெருமையோடு கல்வெட்டில் பொறித்த இடம் மண்டகப்பட்டு. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருக்கும் இந்த ஊரில், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து உருவாக்கிய குடைவரை அது.

மன்னர் 'இல்லை' என்று பட்டியல் போட்ட பாறையில், செடிகளுக்கு வேறொரு பட்டியல் இருக்கிறது. மண் இல்லை, நிழல் இல்லை, மழை நின்று சில நாள்களில் ஈரமும் இல்லை. ஆனாலும் செஞ்சி பக்கத்துக் குன்றுகளில் ஒரு விரிசல் கிடைத்தால் போதும், அதில் ஏதாவது முளைத்து நிற்கும். இருப்பதோ கொஞ்சம், கேட்பவர்களோ பலர். உயிர்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

பனை மேல் ஏறிய ஆல்

விழுப்புரம் மாவட்டத்துச் சாலைகளில் பனையைக் கட்டிப்பிடித்து நிற்கும் ஆலையோ அரசையோ பலரும் பார்த்திருப்பார்கள். பழம் தின்ற பறவையின் எச்சத்தோடு விதை வந்து பனைமட்டை இடுக்கில் விழுகிறது. அங்கே சேர்ந்திருக்கும் தூசியும் சருகும்தான் அதற்கு மண். மேலே முளைத்த கன்று, வேரைக் கீழே இறக்கித் தரையைத் தொடுகிறது. அதன் பிறகு வளர்ச்சி வேகம் பிடிக்கிறது.

பனையின் தண்டு மற்ற மரங்களைப்போல ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. அதனால் சுற்றிய வேர் அதை எளிதில் நெரித்துவிட முடியாது. பல ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே வாழும். ஆலின் கிளைகள் பனையின் தலைக்கு மேலே குடை விரிக்கும்போதுதான் ஆபத்து. வெயில் கிடைக்காமல் பனை மெலியத் தொடங்கும்.

பொந்துக்கு அடிதடி

தலை போன மொட்டைப் பனையை 'இனி எதற்கு?' என்று வெட்டிவிடுகிறோம். ஆனால், பறவைகளுக்கு அது அடுக்குமாடி வீடு. மரங்கொத்தி தானே பொந்து குடைந்துகொள்ளும். மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் அந்தத் திறமை கிடையாது. கிளியோ கிடைத்த பொந்தைக் கொத்திப் பெரிதாக்கிக்கொள்ளும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் கிளியும் மைனாவும் போடும் கூச்சல், பெரும்பாலும் வீட்டுக்கான சண்டைதான். ஒரு மொட்டைப் பனை சாய்ந்தால், சில குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடுகின்றன.

ஒதுங்கி வாழும் கெட்டிக்காரத்தனம்

ரஷ்ய உயிரியலாளர் ஜார்ஜி காஸ், 1934-ல் வெளியிட்ட ஆய்வில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரின் இரண்டு இனங்களை ஒரே பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார். தனித்தனியே நன்றாகப் பெருகிய இரண்டில், சேர்த்து வளர்த்தபோது ஒன்று அடியோடு அழிந்தது. வேறொரு ஜோடியை விட்டபோது இரண்டுமே பிழைத்தன. காரணம், ஒன்று மேலே இரை தேடியது. மற்றொன்று அடியில் தேடியது.

இதே பாடத்தை நம் ஊர் ஏரியிலும் பார்க்கலாம். மடையான் கரையோரம் அசையாமல் காத்திருக்கும். நெடுங்கால் உள்ளான் முழங்கால் நீரில் நடந்து பூச்சி பொறுக்கும். நீர்க்காகம் ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும். வயல் எலியைப் பகலில் பருந்து பிடித்தால், இரவில் ஆந்தை பிடிக்கும். இடத்தையும் நேரத்தையும் பிரித்துக்கொண்டதால்தான் இத்தனை உயிர்கள் ஒரே ஊரில் பிழைக்கின்றன.

பங்கு பிரிக்கத் தெரியாத விருந்தாளி

இந்தக் கணக்கைக் கலைத்தது சீமைக்கருவேலம். பல ஊர்களில் இதற்கு வேலிகாத்தான் என்று பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. வறட்சிக்கு அசராது. நெற்றைத் தின்னும் ஆடு மாடுகள், சாணத்தோடு விதையை ஊரெங்கும் பரப்பும். அடர்ந்து வளர்ந்துவிட்டால், அதன் நிழலும் சருகிலிருந்து இறங்கும் வேதிப்பொருள்களும் மற்ற செடிகளை எழவிடாமல் தடுக்கும்.

அதே மரம்தான் பல ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பு விறகு. கரி மூட்டம் போடுவோருக்குப் பிழைப்பு. ஆகவே அதை ஒழிப்பது சொல்வதுபோல் எளிதல்ல. 2022-ல் தமிழ்நாடு அரசு, இதுபோன்ற அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதோடு வேலை முடிந்ததாக நினைத்தால் ஏமாற்றம்தான். இயற்கையில் காலி மனை என்று ஒன்று கிடையாது. நாம் எதையும் வைக்காவிட்டால், மண்ணில் கிடக்கும் பழைய விதையே திரும்ப எழுந்துவிடும். அகற்றிய கையோடு ஏரிக்கரையில் பனங்கொட்டையையும், தரிசில் வேம்பு, புங்கன் கன்றுகளையும் ஊன்றிவிட்டால், அடுத்த சுற்றுப் போட்டியில் நம் ஊர் உயிர்களுக்கு முதலிடம் கிடைக்கும்.