முதற்கட்ட மருந்தாய்வு: கையொப்பமிடும் முன்

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வந்த மீனவர் ஒருவருக்கு, நுரையீரலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. வழக்கமான மருந்துகள் பலனளிக்கவில்லை. "ஆராய்ச்சியில புது மருந்து ஒண்ணு இருக்காமே டாக்டர், அதையே அப்பாவுக்குக் குடுத்துடுங்க. புதுசுன்னா பழசைவிட நல்லாத்தானே இருக்கும்?" என்றார் அவருடைய மகன். பல குடும்பத்தினர் இதே கேள்வியைக் கேட்பதுண்டு.

இலக்குசார் மருந்து என்பது, புற்றணுக்களை வளரத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தைத் தடுக்குமாறு அமைக்கப்படுவது. அந்த இலக்கு நோயாளியின் கட்டியில் இல்லையெனில் பயன் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆதலால்தான் முதலில் திசுவையும் மரபணுவையும் பரிசோதிக்கிறோம். ஆய்வகத்திலும் விலங்குகளிலும் சோதித்த மருந்தை மனிதருக்கு முதன்முதலாக அளிப்பதே முதற்கட்ட ஆய்வு. அதன் முதல் நோக்கம் நோயைக் குணப்படுத்துவது அன்று. உடல் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என அறிவதே.

பெரும்பாலும் மூன்று பேருக்கு மிகக் குறைந்த அளவில் மருந்து தொடங்கப்படும். சில வாரங்கள் காத்திருந்து, கடும் பக்கவிளைவு எவருக்கும் இல்லையெனில், அடுத்த மூவருக்குச் சற்றுக் கூடுதலாகத் தரப்படும். ஒருவருக்குக் கடும் விளைவு நேர்ந்தால், அதே அளவில் மேலும் மூவர் சேர்க்கப்படுவர். இருவருக்கு நேர்ந்தால் அளவை உயர்த்துவது நிறுத்தப்படும். முதலில் சேர்பவருக்குக் கிடைக்கும் அளவு பயன் தராத அளவாக இருக்கலாம். பிற்பாடு சேர்பவருக்குப் பக்கவிளைவு மிகுதியாகலாம். சொல்லச் சங்கடமான செய்திதான். ஆயினும் மறைத்தல் தகாது.

வியத்தகு பலன் கிட்டியதும் உண்டு. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரையின் முதற்கட்ட ஆய்வு 1998 ஜூனில் அமெரிக்காவில் தொடங்கியது. இன்டர்ஃபெரான் பலனளிக்காத 83 பேருக்கு, நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் முதல் 1000 மில்லிகிராம் வரை வெவ்வேறு அளவுகளில் அது அளிக்கப்பட்டது. 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது. 2001 மே மாதம் அங்கு ஒப்புதலும் கிடைத்தது. நம் புறநோயாளிப் பிரிவில் இன்றும் பலர் அம்மாத்திரையை உட்கொண்டு வேலைக்குச் சென்று வருகின்றனர். ஆனால் அந்நோயின் வேர் ஒரே மரபணுப் பிழை. பரவிய கட்டிகள் பலவற்றில் பிழைகள் ஏராளம். ஒன்றை அடைத்தால் வேறு வழியில் நோய் வளரும். எனவே இமாடினிப்பை உதாரணமாகக் காட்டி எவருக்கும் நம்பிக்கை ஊட்ட நான் துணிவதில்லை.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி ஆய்வைத் தொடங்க இயலாது. சம்மதப் படிவம் தங்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். படிக்க இயலாதோருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமலே விலகலாம். மறுத்தாலும் விலகினாலும் வழக்கமான சிகிச்சையும் வலி தணிக்கும் கவனிப்பும் குறையா.

இவற்றையெல்லாம் மகனிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாதிருந்த தந்தை கேட்டார்: "வாரத்துக்கு எத்தனை நாள் இங்க வரணும் டாக்டர்?" நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. தொடக்க வாரங்களில் சில நாள்கள் காலை முதல் மாலை வரை இங்கேயே தங்கி, பலமுறை இரத்தம் கொடுக்க நேரிடும். அவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் அனைவரிடமும் பேசிவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிச் சென்றார்.