முறுக்கவிழ்க்கும் புரதம்

கயிற்றின் வலிமை அதன் முறுக்கில் உள்ளது. தனித்து நின்றால் எளிதில் அறுந்துபோகும் இரண்டு புரிகள், ஒன்றையொன்று தழுவி முறுக்குண்டபின் பெரும்பாரத்தையும் தாங்குகின்றன. ஆயினும், அக்கயிற்றின் உட்புறத்தைக் காண விரும்புவோர் முறுக்கை அவிழ்த்தே தீரவேண்டும். முறுக்கும் வேண்டும், வேண்டியபோது அதனை அவிழ்க்கும் வழியும் வேண்டும். உயிர்களின் உடம்பினுள் இவ்விரண்டும் இடையறாது நிகழ்கின்றன.

உயிர்களின் உடம்பு உயிரணுக்களால் ஆனது. பெற்றோரின் இயல்பு பிள்ளைகளுக்கு வருவதற்குக் காரணமான பொருள் அவ்வணுக்களினுள் அமைந்துள்ளது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். இலண்டன் நகரில் ரோசலிண்ட் பிராங்கிளின், மாரிஸ் வில்கின்ஸ் ஆகியோர் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து கண்டவை துணைநிற்க, கேம்பிரிட்ஜில் இருந்த ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவரும் 1953ஆம் ஆண்டில் அதன் வடிவத்தை உலகிற்கு அறிவித்தனர். அது முறுக்கிய இருபுரிக் கயிற்றை ஒத்தது. ஒவ்வொரு புரியிலும் அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நால்வகைப் பொருள்கள், ஏட்டில் எழுத்துகள் போல, வரிசையாக அமைந்துள்ளன. ஒரு புரியிலுள்ள அடினைன் மற்றொரு புரியிலுள்ள தைமினோடு மட்டுமே இணையும். குவானின் சைட்டோசினோடு மட்டுமே இணையும். முறுக்கின் ஒரு சுற்றில் இத்தகைய இணைகள் ஏறத்தாழப் பத்து உள்ளன. மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால், அஃது ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும்.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன், தன் டி.என்.ஏ.வுக்குப் படி ஒன்று எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். எழுத்துகளோ இரு புரிகளுக்கும் இடையே, உட்புறமாகப் பொதிந்து கிடக்கின்றன. கட்டவிழ்க்காத ஏட்டுச்சுவடியைப் பார்த்து எவரேனும் படியெடுத்தல் கூடுமோ? கூடாது. ஆதலின், முதற்கண் புரிகள் பிரிக்கப்படுகின்றன. பிரிந்த ஒவ்வொரு பழைய புரியின்மீதும் புதிய புரி ஒன்று கட்டப்படுகிறது. இவ்வாறு பிறக்கும் இரு கயிறுகளிலும் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாகப் புரிகள் அமைகின்றன என்பதை, மெசல்சன், ஸ்டால் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1958ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர்.

புரிகளைப் பிரிப்பது யாது? அதுவே ஹெலிகேஸ் என்னும் புரதம். திருகு வடிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயர் பிறந்தது. ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க் நகரில் ஹாஃப்மன் பெர்லிங் என்பாரும் அவர்தம் குழுவினரும், ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் இவ்வகைப் புரதத்தை 1976ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். பின்னர், பாக்டீரியா முதல் மனிதர் ஈறாக எல்லா உயிர்களிலும் ஹெலிகேஸ்கள் பல உள்ளன என்பது தெரியவந்தது.

படியெடுக்கும் பணியில் முன்நிற்கும் ஹெலிகேஸ், ஆறு அலகுகள் கூடிய வளையம் போன்றது. அவ்வளையத்தின் துளை வழியே ஒரு புரி செல்ல, மற்றொரு புரி வெளியே ஒதுக்கப்படுகிறது. வளையம் முன்னேறுந்தோறும் புரிகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் விடுபடுகின்றன. இவ்வேலைக்கு வேண்டும் ஆற்றலை, ஏ.டி.பி. என்னும் பொருளைச் சிதைத்து அது பெறுகிறது. ஈ. கோலையில் நொடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்திணைகள் பிரிகின்றன. அஃதாவது, ஒரு நொடியில் நூறு சுற்று முறுக்கு அவிழ்கிறது. 46 இலட்சம் இணைகள் கொண்ட அதன் டி.என்.ஏ. முழுவதும், ஓரிடத்தில் தொடங்கி இரு திசையிலும் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 40 நிமிடங்களில் படியெடுக்கப்படுகிறது. மனித உயிரணுவில் வேகம் இதனினும் மிகக் குறைவு. ஆனால், அங்கே பல்லாயிரம் இடங்களில் இப்பணி தொடங்கப்படுகிறது.

ஹெலிகேஸ் தனித்துத் தொழிற்படுவதன்று. கயிற்றை ஒருபுறம் வலிந்து பிரித்தால் அதன் மறுபுறம் முறுக்கேறும் அன்றோ? அம்மிகைமுறுக்கைத் தளர்த்துவது டோபோஐசோமரேஸ் என்னும் மற்றொரு புரதம். அது புரியை வெட்டி, முறுக்கு நீங்கியபின் மீண்டும் ஒட்டிவிடுகிறது. பிரிந்த புரிகள் மீண்டும் கூடிவிடாதவாறு பற்றிக்கொள்ளும் புரதங்களும் உள்ளன. எழுத்துகளைக் கோத்துப் புதுப் புரியை அமைப்பது பாலிமரேஸ்.

படியெடுத்தலோடு ஹெலிகேஸின் கடமை முடிந்துவிடவில்லை. பழுது நீக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. ஞாயிற்றின் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் தோலிற் படும்போது, அடுத்தடுத்துள்ள இரு தைமின்கள் தம்முள் ஒட்டிக்கொள்வதுண்டு. அவ்விடத்தில் எழுத்துப் பிழைபடுகிறது. அதனைத் திருத்துவதற்கு எக்ஸ்.பி.பி., எக்ஸ்.பி.டி. என்னும் ஹெலிகேஸ்கள் துணைநிற்க, பழுதுற்ற இடத்தில் புரிகள் சிறிதளவு பிரிக்கப்படுகின்றன. பின்னர், ஏறத்தாழ 30 எழுத்துகள் கொண்ட துண்டு வெட்டி நீக்கப்படுகிறது. எதிர்ப்புரியைப் பார்த்துச் சரியான துண்டு அங்கே கட்டப்படுகிறது. இத்தகைய திருத்தமுறைகளை விளக்கியமைக்காக லிண்டால், மோட்ரிச், சன்சார் என்னும் மூவர் 2015ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இத்திருத்தம் நடைபெறாதொழியின் நேரும் கேடு பெரிது. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் பிறவிநோய் உற்ற சிறுவர்க்கு, ஏனைய சிறுவர் ஓடியாடும் வெயிலே பகையாகிறது. இளமையிலேயே தோலில் புற்றுநோய் தோன்றுகிறது. அவர்தம் உயிரணுக்கள் பழுதைத் திருத்தும் திறன் குன்றியவை என்பதை ஜேம்ஸ் கிளீவர் என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இந்நோய்க்குக் காரணமாகும் மரபுக்கூறுகள் பல. மேற்கூறிய இரு ஹெலிகேஸ்களுக்கும் உரியவை அவற்றுள் அடங்கும். 1904ஆம் ஆண்டில் ஓட்டோ வெர்னர் விவரித்த மற்றொரு நோயில், இருபது வயதினர்க்கு மயிர் நரைக்கிறது. முப்பது வயதினர்க்குக் கண்ணில் புரை வளர்கிறது. ஒரு ஹெலிகேஸின் குறைபாடே இதற்குக் காரணம் என்பது 1996ஆம் ஆண்டில் புலப்பட்டது.

முறுக்கை அவிழ்க்கவொட்டாமல் தடுப்பதே மருந்தாகும் இடமும் உண்டு. அக்கி நோயை விளைக்கும் வைரசும் தன் டி.என்.ஏ.வைப் பெருக்குவதற்குத் தனக்குரிய ஹெலிகேஸையே நம்பியுள்ளது. அதனைத் தடுக்கும் அமினாமெவிர் என்னும் மருந்துக்கு 2017ஆம் ஆண்டில் ஜப்பான் நாடு இசைவு அளித்தது.

கண்ணுக்குப் புலனாகாத இப்புரதம் எதனையும் புதிதாகப் படைப்பதன்று. மூடியிருப்பதைத் திறந்து கொடுப்பதே அதன் தொழில். எனினும், அஃது உரிய இடத்தில் உரிய அளவு திறந்து கொடுப்பதாலேயே ஏனைய புரதங்கள் தத்தம் கடமையைச் செய்கின்றன. பிறர் பணி செய்வதற்கு வழி திறந்துவிடும் தொண்டு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!