கர்ப்ப காலத்தில் ஒற்றைத் தலைவலியா? மாத்திரை போடும் முன்...

"தலைவலிதானே, மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டா சரியாயிடும்." தேவாரம் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு. வயிற்றில் குழந்தை இருக்கும்போது இது வேண்டாம்ங்க. பிரிச்சுக் கொடுக்கும் அந்த செட்டில் என்னென்ன இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது.

பலருக்கு நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒற்றைத் தலைவலி தானாகவே குறையும். தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபுபுரூஃபனை நீங்களாகப் போடக் கூடாது, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு. எர்கோட்டமின் கலந்த மாத்திரை கர்ப்பத்தில் கூடவே கூடாது.

தாய்ப்பால் கொடுக்கும்போது பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பொதுவாகப் பரவாயில்லை, ஆஸ்பிரினைத் தவிர்க்கவும். மாத்திரை போட்டதால் பாலை நிறுத்தச் சொல்லும் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் 20 வாரத்துக்குப் பிறகும், பிரசவமாகி ஆறு வாரம் வரையிலும், கடும் தலைவலியோடு கண் மங்கல், முக வீக்கம், மேல்வயிற்று வலி வந்தால் வழக்கமான தலைவலின்னு விட்டுடாதீங்க. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியிருக்கலாம். வலிப்பு வரை போகும். விடியட்டும், தேனிக்குப் போகலாம்னு காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை பற்றிய சந்தேகத்துக்கு 104. மாத்திரை அட்டையைப் போனில் போட்டோ எடுத்து வைத்து, உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் காட்டிக் கேட்கலாம்.