பருத்தி உடுத்திய கேப்டன்

புர்கினா ஃபாசோவை ஆண்ட கேப்டன் தாமஸ் சங்காராவைப் பற்றி யார் கேட்டாலும் நான் துணியிலிருந்துதான் தொடங்குவேன். 'ஃபாசோ டான் ஃபானி' என்ற கைத்தறி. உள்நாட்டுப் பருத்தி, உள்நாட்டு நெசவு. அரசு ஊழியர்கள் அதையே உடுத்த வேண்டும் என்றார். 1987 ஜூலையில், அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களிடம், வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று வாதாடினார். தம் குழுவினரின் உடையில் ஓர் இழைகூட ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததில்லை என்றும் அங்கேயே சொன்னார். வெறும் பேச்சல்ல அது. அதனாலேயே எனக்கு அவர் மேல் அத்தனை மதிப்பு.

1983 ஆகஸ்டில் ராணுவப் புரட்சி அவரை ஆட்சியில் அமர்த்தியபோது வயது 33. மறு ஆண்டே 'அப்பர் வோல்டா' என்ற காலனிப் பெயர் போய், நாடு புர்கினா ஃபாசோ ஆயிற்று. அரசின் மெர்சிடிஸ் கார்களை விற்றார். அமைச்சர்களுக்குச் சிறிய ரெனோ 5. சில வாரங்களிலேயே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கியவரும் அவரே. அதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

1987 அக்டோபர் 15 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்த நண்பர் பிளேஸ் கம்பாரே 27 ஆண்டுகள் ஆண்டார். அந்தக் கொலைக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2022இல்தான்; அப்போது அவர் ஐவரி கோஸ்ட்டில் இருந்தார்.