காயிதே மில்லத்: அரசியல் நிர்ணய சபையில் ஒரு தமிழ் முஸ்லிமின் குரல்

சென்னை அண்ணா சாலையில் அரசு மகளிர் கல்லூரி ஒன்று காயிதே மில்லத் பெயரில் இருக்கிறது. 1990களில் நாகை மாவட்டமும் சில காலம் அந்தப் பெயரைத் தாங்கியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் அவர்கள் யார் என்று கேட்டால், "முஸ்லிம் லீக் தலைவர்" என்று சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் சொல்லிக் கொடுத்ததே அவ்வளவுதான்.

கண்ணியத்திற்குரிய முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலியில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார்கள். சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, பின்னர் முழுமையாக அரசியலுக்கு வந்தார்கள். 1946 தேர்தலுக்குப் பிறகு சென்னை மாகாண சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள். இந்த அளவு எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் கிடைக்கும். நாம் நின்று பார்க்க வேண்டியது அதன் பிறகு வந்த மூன்று ஆண்டுகளைத்தான்.

நாடு பிரிந்தது. பாகிஸ்தான் கேட்ட கட்சியின் பெயரைச் சுமந்துகொண்டு இந்தியாவில் தங்கிவிட்ட முஸ்லிம்களின் நிலைமையை இன்று நாம் கற்பனை செய்துதான் பார்க்க முடியும். 1947 டிசம்பரில் அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கவுன்சில் கராச்சியில் கூடி, கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கானும் இந்தியப் பகுதிக்கு நமது இஸ்மாயீல் சாஹிபும் அமைப்பாளர்கள் ஆனார்கள். அதே மாதக் கடைசியில் லக்னோவில் மௌலானா ஆசாத் அவர்கள் கூட்டிய மாநாட்டில், முஸ்லிம்களுக்கென்று தனி அரசியல் கட்சி இனி வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்ற குரல் எழுந்தது. ஆசாத் அவர்களின் அக்கறையை நாம் சந்தேகிக்கவில்லை. வடஇந்தியாவில் ரத்தம் காயாத நேரம் அது.

கட்சியைக் கலைப்பதுதான் எளிதான வழியாக இருந்தது. இஸ்மாயீல் சாஹிப் கலைக்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 3 அன்று தில்லியில், மத அடிப்படையிலான அமைப்புகள் அரசியலில் ஈடுபடக் கூடாது என்று அனந்தசயனம் அய்யங்கார் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அந்தச் சூழ்நிலையில்தான் அவர்கள் அரசியல் நிர்ணய சபையில் பேசினார்கள்.

1948 நவம்பர் 23 அன்று விவாதத்துக்கு வந்தது வரைவின் 35ஆம் பிரிவு. இன்று அது 44ஆம் பிரிவு. நாடு முழுவதற்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது அதன் சாரம். இஸ்மாயீல் சாஹிப் ஒரு திருத்தம் கொடுத்தார்கள். தனக்கென்று தனியார் சட்டம் வைத்திருக்கும் எந்தச் சமூகத்தையும் அதை விட்டுவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஒரு வாக்கியம்தான் அது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருத்தத்தில் 'முஸ்லிம்' என்ற சொல்லே இல்லை. எந்தச் சமூகமானாலும் என்றுதான் கேட்டார்கள்.

மலபாரைச் சேர்ந்த போக்கர் சாஹிபும் வேறு சிலரும் அதே கருத்தில் பேசினார்கள். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் மறுத்தார்கள். டாக்டர் அம்பேத்கரின் பதில் இன்றும் படிக்கத் தக்கது. மலபாரில் முஸ்லிம்களும் மருமக்கத்தாய முறையைப் பின்பற்றியதையும், எல்லைப்புற மாகாணத்தில் வாரிசுரிமையில் இந்துச் சட்டம் நடைமுறையில் இருந்ததையும் எடுத்துக்காட்டி, ஷரீஅத் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்றார். ஆனாலும், அந்தப் பிரிவு வந்துவிட்டதாலேயே அரசு எல்லோர் மீதும் சட்டத்தைத் திணித்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்; விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் என்று பின்னாளில் வரும் நாடாளுமன்றம் தொடங்கலாம் என்றும் சொன்னார். திருத்தம் தோற்றது. ஆனால் அந்தத் திருத்தம் வராமல் இருந்திருந்தால் அம்பேத்கரின் இந்த விளக்கமும் பதிவில் வந்திருக்காது. பொது சிவில் சட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரு தரப்பும் அந்த நாளின் பதிவைத்தான் புரட்டுகிறார்கள்.

1949 மே மாதம் இன்னொரு தோல்வி. மதச் சிறுபான்மையினருக்கு சட்டசபைகளில் ஒதுக்கப்பட இருந்த இடங்களைக் கைவிடலாம் என்று குழு பரிந்துரைத்தது. இஸ்மாயீல் சாஹிப் இடஒதுக்கீட்டோடு தனித்தொகுதி முறையும் தொடர வேண்டும் என்றார்கள். தனித்தொகுதி என்றால், முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே தேர்ந்தெடுப்பது. 1909 முதல் நடைமுறையில் இருந்த முறை. பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே இதை எதிர்த்தார்கள். சர்தார் படேல் கடுமையாகவே மறுத்தார். உண்மையைச் சொன்னால், தனித்தொகுதி கேட்டது சரியா என்பதில் நமக்கும் தயக்கம் உண்டு. பிரிவினையின் காயம் ஆறாத சபையில் அந்தச் சொல்லே நெருப்பாக இருந்தது. ஆனால் பொதுத்தொகுதியில் நம் எண்ணிக்கைக்கேற்ற இடம் கிடைக்குமா என்று அவர்கள் எழுப்பிய கேள்வி, தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர் பட்டியல் வெளியாகும்போது நம் வீடுகளில் இன்றும் எழுகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். காந்தியடிகள் விரும்பியபடி இரண்டு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானி வேண்டும் என்று பேசிய அவர்கள், பழமைதான் அளவுகோல் என்றால் இந்த மண்ணின் பழைய மொழி தமிழும் திராவிட மொழிகளும்தான் என்று தயங்காமல் சொன்னார்கள். நம் மேடைகளில் அதிகம் நினைவுகூரப்படுவது இந்தப் பேச்சுதான்.

பிறகு காலம் மெல்ல மாறியது. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை. 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு மஞ்சேரி தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நெல்லைத் தமிழரான அவர்களை மலையாளம் பேசும் மலபார் மக்கள் அனுப்பி வைத்தார்கள், அதுவும் பொதுத்தொகுதியில். 1949இல் அவர்கள் அஞ்சியது அந்தப் பகுதியிலாவது நடக்கவில்லை. 1967இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் லீக் இடம்பெற்றது, சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். தமிழகத்தில் அண்ணாவின் கூட்டணியில் லீக் நின்றது. காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. கலைத்துவிடச் சொன்ன கட்சி இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு மாநிலங்களில் ஆட்சி மாற்றத்தில் பங்கு பெற்றது.

1972 ஏப்ரல் 5 அன்று, மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே அவர்கள் வஃபாத் ஆனார்கள். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த முறை அங்கு ஜும்ஆவுக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். நவம்பர் 23 விவாதத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.